சுற்றுலா அனுபவத்தை வடிவமைக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஒரு நாள் சுற்றுலாவைத் திட்டமிட்டு வாருங்கள்" என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். அடுத்த வகுப்பில் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு நேர அட்டவணையாகத்தான் இருக்கும். காலை 9 மணிக்கு அருங்காட்சியகம், 11 மணிக்குப் படகுச் சவாரி, மாலை 4 மணிக்கு மலைமேல் காட்சிமுனை. கணக்கெல்லாம் சரியாக இருக்கும். ஆனால் வருகிற ஆள் அதில் இருக்க மாட்டார். அவருக்கு எந்த இடத்தில் கால் வலிக்கும், எங்கே வழி தெரியாமல் நிற்பார், எதைக் கண்டதும் கூட வந்த பிள்ளையை "இங்க வா, இதப் பாரு" என்று கூப்பிடுவார் என்பதற்கெல்லாம் அந்த அட்டவணையில் இடமே கிடையாது.

இந்தப் பாடத்தை எடுப்பவர்கள் முதலில் கை வைக்க வேண்டியது இந்தப் பழக்கத்தில்தான். யோசனை சொல்ல மாணவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, கேட்டால் கொட்டுவார்கள். வருகிறவரை உற்றுக் கவனிப்பதற்குத்தான் பயிற்சி தேவை. எனவே பாடத்தின் முதல் பாதி முழுவதும் கவனிப்பதற்கே போகட்டும். பிற்பாதியில் ஒரே ஒரு சிறிய மாற்றத்தைச் செய்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்கட்டும். கீழே உள்ள முறை 8 வார வகுப்புக்கும் 20 முதல் 30 மாணவர்களுக்கும் பொருந்தும். நாள் குறைவாக இருந்தால் பின்பகுதியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். கவனிக்கும் பகுதியை மட்டும் குறைக்காதீர்கள்.

முதல் வேலை: இடமும் கேள்வியும்

ஒரு ஊரை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மணி நேரத்தில் சுற்றி முடிக்கக்கூடிய இடம் போதும்: சிறிய அருங்காட்சியகம், பூங்கா, பழைய கட்டடம், நடைபாதை, கலங்கரை விளக்கம் என எதுவாகவும் இருக்கலாம். மாணவர்கள் நாலைந்து முறையாவது போய்வர வேண்டியிருக்கும் என்பதால் பக்கத்தில் இருப்பது நல்லது. உண்மையிலேயே ஆட்கள் வந்துபோகிற இடமாகவும் இருக்க வேண்டும்.

இடத்தை நடத்துகிறவரிடம் நீங்கள் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். அனுமதி வாங்குவது பாதி வேலை. அவரை உறுத்துகிற ஒரு கேள்வியை வாங்கி வருவது மீதி வேலை. "சுற்றுலாவை எப்படி வளர்ப்பது?" என்பது மாணவர்களுக்கு உதவாது, அதற்கு எதைச் சொன்னாலும் பதிலாகிவிடும். "முதல் அறையைப் பார்ப்பவர்களில் பலர் இரண்டாவது அறைக்குள் வருவதே இல்லை, ஏன்?" என்பது நல்ல கேள்வி. அதைக் கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம், மாற்றத்துக்குப் பிறகு மறுபடியும் எண்ணலாம்.

குழுவுக்கு 4 பேர் போதும். 6 பேர் ஆனால் இருவர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாவது: வெறுங்கையோடு ஒரு முறை

முதல் தடவை நோட்டு, பேனா, கேமரா எதுவும் இல்லாமல் அனுப்புங்கள். சாதாரண பார்வையாளர்போலப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். இரண்டு நாள் கழித்து வகுப்பில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, நினைவில் இருப்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூடாது.

எல்லாத் தாள்களையும் சுவரில் ஒட்டி வாசித்தால், சில இடங்கள் எல்லோரிடமும் வந்திருக்கும், சில இடங்கள் ஒருவரிடமும் வந்திருக்காது. கிளம்பும்போது நடந்த ஏதோ ஒன்றைப் பலரும் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட சோதனை ஒன்றைச் சொல்ல இதுதான் சரியான சமயம். பங்கேற்றவர்கள் ஒரு முறை 14 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீரில் கையை 60 நொடி வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 நொடியோடு கூடுதலாக 30 நொடி. அந்த 30 நொடியில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றப்பட்டது. மூன்றாவது முறை எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, நினைவில் அதுதான் தங்கியது.

இதைக் கேட்டதும் மாணவர்கள் தாங்கள் பார்த்த இடத்தின் முடிவைப் பற்றி யோசிப்பார்கள். பல இடங்களில் முடிவு என்பது வெளியேறும் கதவு, கழிவறை வரிசை, வண்டி நிறுத்துமிடத்தின் குழப்பம், அவ்வளவுதான். நுழைவாயிலுக்குச் செலவிட்ட அக்கறையில் கொஞ்சம்கூட அங்கே போயிருக்காது. ஆனால் கடைசிக் கணத்தை அழகாக்கினால் போதும் என்ற முடிவுக்கு அவர்களை வரவிடாதீர்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, பல நாள் நீளும் விடுமுறையின் நினைவை, உணர்ச்சி உச்சத்தைத் தொட்ட கணமும் முடிவும் மட்டும் அவ்வளவு சரியாகக் கணிக்கவில்லை என்று காட்டியது. மறக்க முடியாததாகவோ வழக்கத்துக்கு மாறாகவோ அமைந்த ஒரு நாள் அதைவிட நன்றாகக் கணித்தது. ஒரு மணி நேர வருகைக்குப் பொருந்துவது ஒரு வாரப் பயணத்துக்கு அப்படியே பொருந்தாது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் தாங்களே விவாதித்துக் கண்டுபிடித்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது: நின்று கவனிப்பது

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

ஒவ்வொரு மாணவரும் ஓர் இடத்தில் அரை மணி நேரம் நிற்க வேண்டும், நகரக் கூடாது. கண்முன் வருகிறவரின் உடல் என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுத வேண்டும். கருத்துக்கும் உணர்ச்சிக்கும் அந்த நோட்டில் இடமில்லை. முதல் முறை எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள்: "பெரியவர் ஒருவர் அலுப்பாக இருந்தார். குழந்தைகள் ஆர்வமாக இருந்தார்கள்." அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுப்பை அவர்கள் பார்க்கவில்லை, ஊகித்தார்கள். எதைப் பார்த்து அப்படி ஊகித்தார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது முறை எழுதும்போது நோட்டு இப்படி மாறும்:

"10.42. வயதான பெண், கைப்பை இடது தோளில். மூன்றாவது பலகை முன் நிற்கிறார், 4 நொடி. தலையைப் பின்னால் சாய்க்கிறார், கண்ணாடியைக் கழற்றுகிறார், மறுபடி போடுகிறார். திரும்பி இரண்டு பக்கமும் பார்க்கிறார். சுவரில் சாய்கிறார். 10.44. கூட வந்த இளைஞர் பலகையைச் சத்தமாக வாசிக்கிறார், இரண்டு வரி. அவர் தலையாட்டுகிறார். இருவரும் அடுத்த பலகையைத் தாண்டிப் போகிறார்கள்."

இந்தச் சில வரிகளில் எத்தனை விஷயம் கிடைத்துவிடுகிறது, பாருங்கள். எழுத்து சிறியதாக இருக்கலாம், வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசலாம். உட்கார இடம் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. வாசித்துக் காட்ட ஆள் இருந்தால் இரண்டு வரி கேட்கத் தயாராக இருக்கிறார். "அலுப்பாக இருந்தார்" என்ற குறிப்பை வைத்துக்கொண்டு இதில் ஒன்றையும் பிடித்திருக்க முடியாது.

இப்படிக் கவனிப்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு என்றும் சொல்லுங்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காட்சிப் பெட்டிகளில் இருந்த பொருள்களைப் பற்றி ஒருவரிடம் சில எளிய கேள்விகளைக் கொடுத்து, பதில் தேடும்போது அவர் எப்படி நிற்கிறார் என்று படமெடுத்தார். படங்களில் அந்த மனிதர் குனிகிறார், முழங்காலை மடக்குகிறார், கழுத்தை வளைத்து எட்டிப் பார்க்கிறார். பார்வையாளரின் களைப்புக்கு அக்கறையின்மை காரணமல்ல, பெட்டிகளை வைத்த விதமே காரணம் என்பதை அந்தப் படங்களே சொல்லிவிட்டன. வேறு வாதம் அவருக்குத் தேவைப்படவில்லை. உங்கள் மாணவர்களின் நோட்டும் அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும்.

இதோடு இடத்தின் தரைப்படம் ஒன்றை வரையச் சொல்லுங்கள். உள்ளே வருபவர் போகும் பாதையைக் கோடாகவும், நிற்கும் இடத்தைப் புள்ளியாகவும், எத்தனை நொடி நின்றார் என்பதைப் பக்கத்தில் எண்ணாகவும் குறிக்கட்டும். 20, 30 பேருடைய கோடுகளை ஒரே படத்தில் சேர்த்தால், யாருமே போகாத மூலை தானாகத் தெரிந்துவிடும். அறைக்குள் நுழைகிறவர்களில் பலர் வலப்பக்கம் திரும்புகிறார்கள் என்று ஆர்தர் மெல்டன் 1930களில் அமெரிக்க அருங்காட்சியகங்களில் கண்டு எழுதினார். உங்கள் இடத்திலும் அப்படித்தானா என்று மாணவர்களையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை? கதவு இருக்கும் இடமா, வெளிச்சமா, காவலாளியின் நாற்காலியா? நல்ல விவாதம் நடக்கும்.

சில கட்டுப்பாடுகளை முதலிலேயே போட்டுவிடுங்கள். முகம் தெரிகிற மாதிரி படமெடுக்கக் கூடாது. குழந்தைகளைப் பின்தொடரவே கூடாது. இன்று மாணவர்கள் இங்கே கவனித்து எழுதுகிறார்கள் என்ற அறிவிப்பு வாசலில் இருக்க வேண்டும். யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், உண்மையைச் சொல்லி நோட்டைக் காட்ட வேண்டும். காட்டக் கூச்சமாக இருக்கும் எதையும் அந்த நோட்டில் எழுதக் கூடாது.

நான்காவது: பேசுவது

பார்வையாளரிடம் "பிடித்திருந்ததா?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பார். எதிரே ஆர்வத்தோடு நிற்கிற மாணவரின் மனத்தை நோகடிக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே மதிப்பீட்டைக் கேட்காமல், நடந்ததைக் கேட்கப் பழக்குங்கள். "வாசலிலிருந்து இங்கே வரைக்கும் என்ன செய்தீர்கள், வரிசையாகச் சொல்ல முடியுமா?" "எங்கேயாவது யாரிடமாவது வழி கேட்டீர்களா?" "வீட்டுக்குப் போனதும் முதலில் யாரிடம் எதைச் சொல்வீர்கள்?" இந்தக் கடைசிக் கேள்வி ரொம்பப் பயனுள்ளது. ஒருவர் பிறரிடம் சொல்ல நினைக்கும் கதையில்தான் அந்த இடம் அவருக்கு என்னவாக இருந்தது என்பது தெரியும்.

பார்வையாளரைவிட அதிகம் தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்: டிக்கெட் கவுண்டரில் இருப்பவர், காவலாளி, துப்புரவுப் பணியாளர். ஒரு நாளில் திரும்பத் திரும்ப அவர்களிடம் கேட்கப்படும் கேள்விகளைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். ஒரே கேள்வியை அத்தனை பேர் கேட்கிறார்கள் என்றால், அதற்கான பதில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று பொருள். குப்பை எங்கே அதிகம் சேர்கிறது என்பது துப்புரவுப் பணியாளருக்குத்தான் தெரியும். குப்பை சேரும் இடத்தில்தான் மக்கள் இளைப்பாறுகிறார்கள்.

பக்கத்தில் குடியிருப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஐந்தாவது: எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவருவது

இப்போது நீளமான சார்ட் பேப்பர் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். இதைப் பயணத் தாள் என்று அழைப்போம். வெளிப்புறப் பொழுதுபோக்கு பற்றி ஆராய்ந்த மரியன் கிளாசன், ஜாக் நெட்ச் இருவரும் 1966இல் ஒரு பயணத்தை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார்கள்: எதிர்பார்ப்பு, போகும் வழி, அங்கே இருக்கும் நேரம், திரும்பும் வழி, நினைவு. அந்த ஐந்தையும் மேலே தலைப்பாக எழுதி, கிடைத்த குறிப்புகளைக் கீழே ஒட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்களில் நடுக்கட்டம் நிரம்பி வழியும், மற்ற நான்கும் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும், இனி எங்கே போய் யாரிடம் பேச வேண்டும் என்பது அவர்களுக்கே புரியும்.

அடுத்து அந்தத் தாளின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே பார்வையாளர் காண்பது, கீழே அவர் காணாதது. சேவைகளை இப்படி வரைந்து பார்க்கும் முறையை லின் ஷோஸ்டாக் 1984இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். தெருமுனையில் காலணிக்குப் பாலிஷ் போடும் சேவைதான் அவர் வரைந்த எடுத்துக்காட்டு. பிரஷ், பாலிஷ், துடைப்பு, காசு வாங்குவது எல்லாம் மேலே. சாமான் வாங்கி வைப்பது கீழே. தவறான நிறப் பாலிஷ் போட்டுவிட வாய்ப்பு உண்டு என்பதையும் அதே படத்தில் குறித்து, அதைச் சரிசெய்யும் வழியையும் காட்டியிருந்தார்.

இந்தக் கோடு மாணவர்களைப் பொறுப்புள்ளவர்களாக்கும். "வருகிற ஒவ்வொருவரையும் வழிகாட்டி பெயர் சொல்லி வரவேற்பார்" என்று மேலே எழுதுவது சுலபம். சரி, அந்தப் பெயர்ப் பட்டியலை யார் எடுக்கிறார்கள்? எப்போது? மூன்று பேருந்துகள் ஒன்றாக வந்தால்? வழிகாட்டி விடுப்பு எடுத்த நாளில்? மேலே எழுதுகிற ஒவ்வொரு ஆசைக்கும் கீழே ஒரு மனிதரின் உழைப்பு இருக்கிறது. கீழே எழுத ஆள் இல்லையென்றால் மேலே உள்ளதை அழித்துவிட வேண்டும், தயவு காட்டாதீர்கள்.

காத்திருக்கும் இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிடச் சொல்லுங்கள். டேவிட் மைஸ்டர் 1985இல் காத்திருப்பின் உளவியலைப் பற்றி எழுதியது இன்றைக்கும் அப்படியே பயன்படும். செய்ய ஒன்றுமில்லாத நேரம் நீளமாகத் தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் அப்படியே. வரிசையைக் குறைக்க வழியில்லாத இடத்தில்கூட, "இங்கிருந்து சுமார் 15 நிமிடம்" என்று ஒரு பலகை வைக்க வழி இருக்கும்.

ஆறாவது: கோட்பாடு, கொஞ்சமாக

பல பாடத்திட்டங்கள் கோட்பாட்டில் தொடங்குகின்றன. கவனிப்பு முடிந்த பிறகு கொடுத்தால்தான் அது பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம். கையில் நூறு குறிப்புகள் இருக்கும்போது கோட்பாடு ஒரு கருவியாகிறது. ஒன்றுமே இல்லாதபோது அது மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்கூட்டமாகத்தான் இருக்கும்.

மூன்று கருத்துகள் போதும். ஜோசப் பைன், ஜேம்ஸ் கில்மோர் ஆகியோர் 1998இல் முன்வைத்த நான்கு வகைகள்: பொழுதுபோக்கு, கற்றல், அழகில் திளைத்தல், அன்றாடத்திலிருந்து விலகி ஒன்றில் முழுமையாக மூழ்குதல். பார்வையாளர் வெறுமனே பார்க்கிறாரா, கலந்துகொள்கிறாரா என்பது ஓர் அச்சு. தள்ளி நின்று உள்வாங்குகிறாரா, உள்ளேயே அமிழ்கிறாரா என்பது இன்னொரு அச்சு. நான்கையும் ஒவ்வொரு இடத்திலும் திணிக்கச் சொல்லும் பட்டியலாக இதைக் கொடுக்காதீர்கள். "நம் இடத்தில் இப்போது எது நடக்கிறது, நோட்டில் அதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பதற்காகக் கொடுங்கள்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக ஃபிரீமன் டில்டன் 1957இல் எழுதிய கொள்கைகள் இன்னொன்று. இடங்களை விளக்கிச் சொல்வதன் முதன்மை நோக்கம் தகவல் கொடுப்பது அல்ல, கேட்பவரின் சிந்தனையைக் கிளறுவது என்றார். குழந்தைகளுக்குச் சொல்வது பெரியவர்களுக்குச் சொல்வதன் நீர்த்த வடிவமாக இருக்கக் கூடாது, அதற்கென வேறு அணுகுமுறை வேண்டும் என்றும் சொன்னார். பயிற்சிக்கு, இடத்தில் இருக்கும் ஒரு தகவல் பலகையைப் படமெடுத்து வாருங்கள். ஆண்டு, நீளம், அகலம், கட்டியவர் பெயர் என்று போகும். அதே செய்தியை வாசிப்பவர் தலையை நிமிர்த்திக் கட்டடத்தைப் பார்க்கிற மாதிரி 40 சொற்களில் திருப்பி எழுதச் சொல்லுங்கள். "இந்தத் தூணின் கீழ்ப்பகுதி மட்டும் ஏன் வழுவழுப்பாக இருக்கிறது?" என்று ஒரு பலகை தொடங்கினால், வாசிப்பவர் முதலில் தூணைப் பார்ப்பார். பலகைக்கு அதைவிடப் பெரிய வெற்றி இல்லை.

மூன்றாவது, சமூகவியலாளர் டீன் மக்கனல் சொன்னது. சுற்றுலாப் பயணிகள் திரைக்குப் பின்னால் இருக்கும் உண்மை வாழ்க்கையைத் தேடி வருகிறார்கள், அந்தத் தேடலுக்கென்றே "பின்புறம்" போன்ற தோற்றமும் அரங்கேற்றப்படுகிறது என்று அவர் 1973இல் எழுதினார். "உள்ளூர் மக்களோடு ஒரு நாள்" என்று ஏதாவது ஒரு குழு கட்டாயம் யோசனை கொண்டுவரும். அப்போது கேளுங்கள்: அந்த வீட்டுக்காரர் இதற்குச் சம்மதித்தாரா? மாதத்தில் எத்தனை நாள்? வேண்டாம் என்று எப்போது சொல்லலாம்? வருமானம் யாருக்கு? பதில் இல்லாமல் அந்த யோசனை மேலே நகரக் கூடாது.

ஏழாவது: எல்லை எது?

அனுபவத்தை மேம்படுத்துவது என்றால் இன்னும் அதிகம் பேர், இன்னும் கிட்டத்தில், இன்னும் நீண்ட நேரம் என்றே மாணவர்கள் நினைப்பார்கள். அதை உடைக்க லாஸ்கோ குகையைச் சொல்லுங்கள். பிரான்சில் 1940இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்தக் குகையின் சுவர்களில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் வரைந்த காளைகளும் குதிரைகளும் இருக்கின்றன. 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கூட்டம் பெருகியது. பார்வையாளர்கள் விட்ட மூச்சின் கரியமில வாயு, உடல் சூடு, ஈரம், விளக்கொளி எல்லாம் சேர்ந்து ஓவியங்களைப் பாழாக்கத் தொடங்கின, சுவரில் பாசி படர்ந்தது. 1963இல் குகையை மூடிவிட்டார்கள். 20 ஆண்டு கழித்து, 1983இல், பக்கத்திலேயே அதன் நகல் ஒன்றைத் திறந்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு ஒரு வகுப்பு முழுக்க இந்தப் பயிற்சியைக் கொடுங்கள்: "உங்கள் இடத்துக்குள் இனி ஒருவரும் நுழையக் கூடாது. வருகிறவருக்கு என்ன தருவீர்கள்?" தொடக்கத்தில் திகைப்பார்கள். கொஞ்ச நேரத்தில், இதுவரை தோன்றாத யோசனைகள் வரத் தொடங்கும். ஒலி மட்டும் கேட்கலாம், தூரத்திலிருந்து ஒரே ஒரு கோணத்தில் காட்டலாம், கதை சொல்ல ஆளை வைக்கலாம். பயிற்சி முடிந்து கதவை மறுபடி திறந்தாலும் இந்த யோசனைகளில் சில தங்கிவிடும்.

கட்டுப்பாட்டோடு நடக்கும் இடங்களையும் காட்டுங்கள். கலாபகஸ் தீவுகளில் ஒரு வழிகாட்டியோடு 16 பேருக்கு மேல் போக முடியாது. அண்டார்க்டிகாவில் ஓர் இறங்குதளத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் ஏறுவது, அந்நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களான அனங்கு மக்களின் விருப்பப்படி 2019 அக்டோபர் 26 முதல் தடைசெய்யப்பட்டது. பாறையைச் சுற்றி நடக்கும் பாதை இருக்கிறது, 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏறுவதை நிறுத்தியதால் அனுபவம் குறைந்ததா, வேறாக மாறியதா என்று விவாதிக்க விடுங்கள்.

பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் வருவோம். சுற்றுலா பெருகப் பெருக உள்ளூர்க்காரர்களின் மனநிலை மகிழ்ச்சியில் தொடங்கி அலட்சியம், எரிச்சல் வழியாகப் பகைமைக்கு நகரக்கூடும் என்று ஜார்ஜ் டாக்ஸி 1975இல் சொன்னார். எல்லா ஊரிலும் இதே வரிசையில் நடக்கும் என்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு குழுவும் பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று பேரிடமாவது பேசி, தங்கள் யோசனையால் அவர்களுடைய காலையும் மாலையும் எப்படி மாறும் என்று எழுதித் தர வேண்டும்.

எல்லை என்பது யாரால் வர முடியவில்லை என்பதையும் குறிக்கும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பல நாட்டு விதிகளில் 1க்கு 12 என்ற விகிதத்தில் இருக்கிறது. 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். அளவு நாடாவைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். ஆனால் மாணவர்களின் கண்ணைக் கட்டிவிட்டு நடக்கவைப்பது, நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளுவது போன்ற பயிற்சிகள் வேண்டாம். பத்து நிமிடத்தில் பயம் மட்டும்தான் மிஞ்சும், வாழ்ந்து பழகியவரின் திறமை புலப்படாது. நாற்காலியில் நடமாடும் ஒருவரை அழைத்து, அவருடைய நேரத்துக்கு உரிய ஊதியம் கொடுத்து, அவரோடு சேர்ந்து இடத்தைச் சுற்றிவரச் சொல்லுங்கள்.

எட்டாவது: ஒரே ஒரு மாற்றம்

இனி யோசனைகளுக்கு அனுமதி உண்டு. ஒரு நிபந்தனை: முதல் சுற்றில் செயலி கூடாது. தடுக்காவிட்டால் ஒவ்வொரு குழுவும் செல்போன் செயலியோடுதான் வரும். செயலியைச் சோதிக்க முடியாது, திரையை வரைந்து காட்டத்தான் முடியும். காகிதம், அட்டை, டேப், கயிறு, நாற்காலி ஆகியவற்றால் செய்ய முடிகிற மாற்றமாக இருக்கட்டும்.

இரண்டாவது அறைக்கு யாரும் வரவில்லை என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஒரு குழு வாசலில் அம்புக்குறி ஒட்டிப் பார்க்கலாம். இன்னொரு குழு, முதல் அறையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி இரண்டாவது அறையின் ஒரு பொருளை வாசலுக்கு நேராக நகர்த்தி வைக்க அனுமதி கேட்கலாம். மூன்றாவது குழு இரண்டு நாற்காலிகளை உள்ளே போடலாம். எது வேலை செய்யும் என்று முன்கூட்டியே வாதம் செய்ய விடாதீர்கள். போட்டுப் பார்த்து எண்ணட்டும். மாற்றத்துக்கு முன்பு எண்ணிய அதே கிழமை, அதே நேரம், அதே இடத்தில் நின்று எண்ண வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். அம்பையும் நாற்காலியையும் சேர்த்துப் போட்டுவிட்டால், எது ஆளை இழுத்தது என்று பிறகு சொல்ல முடியாது.

ஆள் தேவைப்படும் யோசனைகளை முதலில் வகுப்பிலேயே நடித்துப் பாருங்கள். ஒருவர் வழிகாட்டி, ஒருவர் கைக்குழந்தையோடு வரும் பெற்றோர், ஒருவர் மொழி தெரியாத பயணி, ஒருவர் பேருந்தைப் பிடிக்க அவசரப்படுகிறவர். தாளில் பளிச்சென்று இருந்த யோசனை ஐந்தாவது நிமிடத்தில் எங்கே தடுக்குகிறது என்று பார்த்துவிடலாம். அந்த இடத்தில் நிறுத்தி, மாற்றி, மறுபடி நடிக்கட்டும்.

மதிப்பெண்

மாணவர்கள் எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் செய்வார்கள். அழகான விளக்கப்படங்களுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்தால், இரண்டாவது வாரமே கணினி முன் உட்கார்ந்துவிடுவார்கள். நான் சிபாரிசு செய்வது இப்படி: கவனிப்பு நோட்டுக்கு 40, பயணத் தாளுக்கு 20, சோதனைக்கு 30, இறுதி விளக்கத்துக்கு 10. சோதனை தோற்றால் மதிப்பெண் குறையக் கூடாது. நாற்காலி போட்டும் ஒருவரும் உள்ளே வரவில்லை என்று கண்டு, ஏன் என்று நோட்டிலிருந்து காரணம் காட்டுகிற குழு முழு மதிப்பெண்ணுக்கு உரியது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எண்ணிக்கையைக் கொஞ்சம் ஏற்றி எழுதும் ஆசை வரும்.

இறுதி விளக்கத்தை வகுப்பறையில் வைக்காமல் அந்த இடத்திலேயே வையுங்கள். கேட்பவர்களில் இடத்தை நடத்துகிறவரோடு காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் இருக்க வேண்டும். "இதை நாங்கள் போன வருஷமே செய்து பார்த்தோம்" என்று அவர்களில் ஒருவர் சொன்னால், அது அந்தக் குழுவுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல பாடம். குறுக்கிடாமல் பேச விடுங்கள்.

8 வாரத்தை இப்படிப் பிரிக்கலாம்: முதல் வாரம் வெறுங்கை வருகை, அடுத்த இரண்டு வாரம் கவனிப்பு, நான்காவது வாரம் பேச்சும் பயணத் தாளும், ஐந்தாவதில் கோட்பாடு, ஆறாவதில் எல்லைகள், ஏழாவதில் சோதனை, எட்டாவதில் விளக்கம். இடத்துக்குப் போகும் நாள்களை அங்கே கூட்டம் இருக்கும் நாள்களோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒவ்வொரு குழுவும் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி இடத்தை நடத்துகிறவரிடம் கொடுக்க வேண்டும்: என்ன பார்த்தோம், எதை மாற்றினோம், எண்ணிக்கை என்ன ஆனது, அடுத்து எதைச் சோதிக்கலாம். தரைப்படங்களின் ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே மூலையில் நின்று எண்ணத் தொடங்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.